ஸ்ட்ரெய்ட் பூலில் ஃபவுலும் ஸ்கிராட்ச்சும்: புதிதாக ஆட வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மேசையில் வெள்ளைப் பந்தைக் குச்சியால் அடித்து, மற்றப் பந்துகளைப் பாக்கெட் எனப்படும் ஓரக் குழிகளில் விழவைக்கும் ஆட்டம்தான் பூல்; ஸ்ட்ரெய்ட் பூல் அதில் ஒரு வகை. எயிட் பால், நைன் பால் என்ற வேறு வகைகளை ஆடிப் பழகியவர்கள் ஸ்ட்ரெய்ட் பூலுக்கு வந்ததும் முதலில் குழம்புவது ஃபவுல் விதிகளில்தான். அந்த ஆட்டங்களில் எதிராளி ஃபவுல் செய்தால் வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து மேசையில் எங்கு வேண்டுமானாலும் வைத்து ஆடலாம். ஸ்ட்ரெய்ட் பூலில் பெரும்பாலான ஃபவுல்களுக்குப் பிறகு வெள்ளைப் பந்து நின்ற இடத்திலேயே நிற்கும். ஃபவுல் செய்தவருக்கு ஒரு பாயிண்ட் குறையும், முறை எதிராளிக்குப் போகும். அவ்வளவுதானா என்று தோன்றும். அப்படி நினைத்து அசட்டையாக ஆடுபவர்கள்தான் பின்னால் ஒரே அடியில் 16 பாயிண்டைப் பறிகொடுக்கிறார்கள். இந்த ஆட்டத்தில் ஒரு ஃபவுலை எடைபோடும்போது, போன பாயிண்டை மட்டும் பார்த்தால் போதாது. அது தொடர்ச்சியாக எத்தனையாவது ஃபவுல், அதற்குப் பிறகு எதிராளிக்கு என்ன கிடைக்கிறது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும்.

ஆட்டத்தையே இப்போதுதான் கேள்விப்படுகிறீர்கள் என்றால், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேசையில் 15 வண்ணப் பந்துகள். எண், நிறம் எதற்கும் மதிப்பு கிடையாது. எந்தப் பந்தை வேண்டுமானாலும் போடலாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பாயிண்ட். ஆனால் அடிக்கும் முன் எந்தப் பந்து, எந்தப் பாக்கெட் என்று சொல்லிவிட வேண்டும். 14 பந்துகள் போனதும் ஆட்டம் சற்று நிற்கும். போன 14 பந்துகளையும் மீண்டும் முக்கோணமாக அடுக்குவார்கள், உச்சிப் பந்தின் இடம் மட்டும் காலியாக இருக்கும். மிச்சம் நிற்கும் 15-ஆவது பந்தைப் போட்டு, அதே அடியில் வெள்ளைப் பந்தை அடுக்கில் மோதவிட்டுக் கலைத்து, அப்படியே தொடர்ந்து ஆடலாம். இதனால்தான் இந்த ஆட்டத்துக்கு 14.1 என்றும் பெயர். ஜெரோம் கியோ என்ற அமெரிக்க ஆட்டக்காரர் 1910 வாக்கில் கொண்டுவந்த ஏற்பாடு இது. பேசி வைத்த இலக்கை, 100 அல்லது 150 என்று வைத்துக்கொள்வோம், முதலில் எட்டுபவர் வெற்றி பெறுவார்.

ஒருவர் தவறவிடாதவரை மேசை அவர் கையில்தான். வில்லி மாஸ்கோனி 1954-இல் ஒஹையோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரே முறையில் 526 பந்துகள் போட்டார். 2019-இல் ஜான் ஷ்மிட் அதைத் தாண்டி 626 போட்டார். நம் எதிராளி அந்த அளவு ஆட்டக்காரராக இருக்க வேண்டியதில்லை, 20 பந்து போடத் தெரிந்தவராக இருந்தாலே போதும். நீங்கள் ஃபவுலில் இழக்கும் ஒரு பாயிண்டைவிட, அந்த ஃபவுலுக்குப் பிறகு அவருக்கு எப்படிப்பட்ட மேசை கிடைக்கிறது என்பது பல மடங்கு பெரிய விஷயம்.

முதலில்: தவறவிட்டதா, ஃபவுலா?

சொன்ன பந்து சொன்ன பாக்கெட்டில் விழவில்லை என்றால் அது வெறும் தவறல்தான், முறை மட்டும் போகும். பாயிண்ட் குறையாது. சொன்ன பந்து வேறு பாக்கெட்டில் விழுந்தாலும், சொல்லாத பந்து ஒன்று விழுந்தாலும் அப்படியே. விழுந்த பந்தை எடுத்து மேசையில் வைப்பார்கள், பாயிண்ட் கிடைக்காது, அபராதமும் இல்லை. சொன்ன பந்தும் விழுந்து, கூடவே வேறு பந்துகளும் விழுந்தால் விழுந்த எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பாயிண்ட் உண்டு. பந்து எந்த வழியாகப் போகும், எதில் பட்டுத் திரும்பும் என்பதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை.

போடுவதற்குப் பந்தே இல்லை என்றால் 'சேஃப்டி' என்று சொல்லிவிட்டு, எதிராளிக்குச் சங்கடமான இடத்தில் வெள்ளைப் பந்தைக் கொண்டுபோய் நிறுத்தலாம். சேஃப்டி சொன்ன அடியில் எந்தப் பந்து விழுந்தாலும் அது மேசைக்குத் திரும்பிவிடும். சேஃப்டியாக இருந்தாலும் அந்த அடி விதிப்படி சரியானதாக இருக்க வேண்டும். புதியவர்கள் அதிகமாக மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

இரண்டாவது: குஷன் விதி

ஸ்ட்ரெய்ட் பூலில் அதிகம் நடக்கும் ஃபவுல் இதுவாகத்தான் இருக்கும். வெள்ளைப் பந்து ஒரு வண்ணப் பந்தைத் தொட்ட பிறகு, ஒன்று ஏதாவது ஒரு வண்ணப் பந்து பாக்கெட்டில் விழ வேண்டும், அல்லது வெள்ளைப் பந்து உட்பட ஏதாவது ஒரு பந்து குஷனில், அதாவது மேசையின் ஓரத் தடுப்பில், பட வேண்டும். இரண்டும் நடக்கவில்லை என்றால் ஃபவுல். வண்ணப் பந்தைத் தொடும் முன் வெள்ளைப் பந்து எத்தனை குஷனில் பட்டு வந்தாலும் அது கணக்கில் வராது. எந்தப் பந்தையுமே தொடாமல் போனாலும் ஃபவுல்தான்.

ஒரு உதாரணம் பாருங்கள். அடுக்கு இன்னும் கலையாமல் கெட்டியாக நிற்கிறது, வெள்ளைப் பந்து அதிலிருந்து இரண்டு விரல் தூரத்தில். நீங்கள் 'சேஃப்டி' என்று சொல்லி மெல்ல உருட்டுகிறீர்கள். வெள்ளைப் பந்து அடுக்கில் ஒட்டி நின்றுவிடுகிறது. எதிராளிக்கு அடிக்க எதுவுமே இல்லை, அருமையான இடம். ஆனால் எந்தப் பந்தும் குஷனில் படவில்லை. ஆகவே ஃபவுல், ஒரு பாயிண்ட் போச்சு. இதே அடியை அடுக்கின் ஓரப் பந்து ஒன்று குஷன் வரை போய்த் தொடும்படி அடித்திருந்தால் சுத்தமான சேஃப்டி.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அடிக்கும் முன்பே ஒரு பந்து குஷனை ஒட்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அதே குஷனை நோக்கி அழுத்தினால் 'குஷனில் பட்டது' ஆகாது. அது குஷனை விட்டு விலகி மறுபடி வந்து படவேண்டும், அல்லது வேறு குஷனுக்குப் போக வேண்டும், அல்லது மோதலுக்குப் பிறகு வெள்ளைப் பந்தோ வேறு பந்தோ குஷனைத் தொட வேண்டும். பந்து ஒட்டி நிற்கிறதா, மயிரிழை விலகி நிற்கிறதா என்பதை அடிக்கும் முன் இரண்டு பேரும் குனிந்து பார்த்து முடிவு செய்துவிடுங்கள். யாரும் 'ஒட்டியிருக்கிறது' என்று அறிவிக்கவில்லை என்றால் ஒட்டவில்லை என்றே விதி எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது: ஸ்கிராட்ச்

வெள்ளைப் பந்து பாக்கெட்டில் விழுவதுதான் ஸ்கிராட்ச். அது மேசையை விட்டு வெளியே பறந்தாலும் விளைவு ஒன்றுதான். ஒரு பாயிண்ட் குறையும், அந்த அடியில் விழுந்த வண்ணப் பந்துகள் மேசைக்குத் திரும்பும், எதிராளிக்கு வெள்ளைப் பந்து கையில் கிடைக்கும். ஆனால் மேசை முழுவதும் அவர் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. பிரேக் (ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடி) அடிக்கும் பக்கத்தில், நீளப் பக்கக் குஷனின் விளிம்பில் பதித்திருக்கும் டைமண்ட் குறிகளில் இரண்டாவது குறிகளை இணைக்கும் கோடு ஒன்று உண்டு. அதை ஹெட் ஸ்ட்ரிங் என்பார்கள். அந்தக் கோட்டுக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும்.

அங்கே வைத்து ஆடும்போது, கோட்டுக்குப் பின்னால் நிற்கும் வண்ணப் பந்தை நேராக அடிக்கக் கூடாது. வெள்ளைப் பந்து கோட்டைத் தாண்டிப் போய், குஷனில் பட்டுத் திரும்பி வந்து அதைத் தொட்டால் பரவாயில்லை. மேசையில் உள்ள வண்ணப் பந்துகள் எல்லாமே கோட்டுக்குப் பின்னால் இருந்துவிட்டால், கோட்டுக்கு மிக அருகில் இருப்பதை எடுத்து ஃபுட் ஸ்பாட்டில், அதாவது அடுக்கின் உச்சிப் பந்து நிற்கும் புள்ளியில், வைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

ஒரு பாயிண்ட் ஃபவுல்களில் ஸ்கிராட்ச்தான் மோசமானது என்பது என் கருத்து. மற்ற ஃபவுல்களில் வெள்ளைப் பந்து நின்ற இடத்திலேயே நிற்கும், அது பந்துக் கூட்டத்துக்குள் புதைந்திருந்தால் எதிராளிக்கும் கஷ்டம்தான். ஸ்கிராட்ச்சிலோ பந்துகள் பெரும்பாலும் மேசையின் அந்தப் பக்கம் சிதறிக் கிடக்க, அவர் நிதானமாக இடம் பார்த்து வைத்து ஆட ஆரம்பிப்பார்.

ஸ்கிராட்ச்சைத் தவிர்க்க ஒரு பழக்கம் போதும். அடிக்கும் முன், வண்ணப் பந்து எங்கே போகும் என்று பார்த்த கண், வெள்ளைப் பந்து எங்கே போகும் என்றும் பார்க்க வேண்டும். மேலுருட்டோ பின்னிழுப்போ இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய் மோதும் வெள்ளைப் பந்து, வண்ணப் பந்து போகும் திசைக்கு ஏறக்குறைய செங்குத்தாக விலகும். அந்தக் கோடு ஒரு பாக்கெட்டை நோக்கிப் போனால், வெள்ளைப் பந்தின் மேல் பகுதியில் அடித்து முன்னால் வளையவிடுங்கள், அல்லது கீழ்ப் பகுதியில் அடித்துப் பின்னால் இழுங்கள். அடுக்கைக் கலைக்கும் அடியில் இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். சொன்ன பந்து விழுந்து, அடுக்கும் அழகாகக் கலைந்து, வெள்ளைப் பந்து மெதுவாக உருண்டு மூலைப் பாக்கெட்டில் போய் விழுந்தால், கலைந்து கிடக்கும் அத்தனை பந்தும் எதிராளிக்கு.

மற்ற ஃபவுல்கள்

வண்ணப் பந்து மேசையை விட்டு வெளியே பறந்தால் ஃபவுல். பந்து மேசைக்குத் திரும்பும், வெள்ளைப் பந்து இருந்த இடத்திலேயே இருக்கும். கை, சட்டைக் கை, குச்சி, சாக் (குச்சியின் முனையில் தேய்க்கும் சிறு கட்டி) என்று எதுவாவது பந்தில் பட்டாலும் ஃபவுல். அடிக்கும்போது ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும். பந்துகள் ஓடி முடிக்கும் முன் அடுத்த அடி அடிக்கக் கூடாது. எதிராளியின் முறையில் அடிப்பதும் ஃபவுல்தான். இவற்றை ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும், தகராறு வராது.

தகராறு வருவது இரட்டை அடியில்தான். வெள்ளைப் பந்துக்கும் வண்ணப் பந்துக்கும் நடுவே ஒரு சாக்கின் அகலத்துக்கும் குறைவான இடைவெளி. நீங்கள் நேராக, வழக்கமான வேகத்தில் அடிக்கிறீர்கள். வெள்ளைப் பந்து வண்ணப் பந்தில் மோதி நிற்கப் பார்க்கும், அதற்குள் குச்சியின் முனை மறுபடி அதை இடித்துவிடும். எப்படிக் கண்டுபிடிப்பது? நேராக முழுசாக மோதிய வெள்ளைப் பந்து, மோதிய கணத்திலேயே சற்றும் தயங்காமல் வண்ணப் பந்தின் பின்னாலேயே அதே வேகத்தில் ஓடினால் பெரும்பாலும் இரட்டை அடிதான். இதைத் தவிர்க்கக் குச்சியின் பின்பக்கத்தை உயர்த்தி அடிக்கலாம், அல்லது நேராக அடிக்காமல் ஒரு பக்கமாகக் கோணம் வைத்து அடிக்கலாம். இரண்டு பந்தும் இடைவெளியே இல்லாமல் ஒட்டி நின்றால் விஷயமே வேறு. அப்போது வழக்கமான அடியாக இருக்கும் வரை அந்தப் பந்தை நோக்கியே அடிக்கலாம். ஒட்டிய பந்து அசைந்தால் அதைத் தொட்டதாகவே கணக்கு.

நான்காவது: பாயிண்டைக் கழிக்கும் முறை

நீங்கள் 23-இல் இருக்கிறீர்கள். இந்த முறையில் வரிசையாக ஐந்து பந்து போட்டு 28 ஆகிறது. ஆறாவது பந்தும் சொன்ன பாக்கெட்டில் விழுகிறது, ஆனால் வெள்ளைப் பந்தும் கூடவே விழுந்துவிடுகிறது. ஆறாவது பந்துக்குப் பாயிண்ட் இல்லை, அது மேசைக்குத் திரும்பும். முன்பு போட்ட ஐந்தும் உங்களுடையவைதான், யாரும் பறிக்க முடியாது. 28-இல் ஒன்று கழித்தால் 27.

திரும்பும் பந்து ஃபுட் ஸ்பாட்டில் உட்காரும். அங்கே வேறு பந்து இருந்தால், ஸ்பாட்டிலிருந்து கடைசிக் குஷனை நோக்கிப் போகும் நடுக்கோட்டில், ஸ்பாட்டுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் வைக்க வேண்டும். தடுப்பது வண்ணப் பந்து என்றால் ஒட்டி வைக்கலாம், வெள்ளைப் பந்து என்றால் ஒட்டாமல் சின்ன இடைவெளி விட வேண்டும்.

14-ஆவது பந்தைப் போடும்போது ஸ்கிராட்ச் ஆனால் பலருக்கும் குழப்பம். உடனே அடுக்கத் தொடங்கிவிடுவார்கள். அடுக்கக் கூடாது. அந்தப் பந்து மேசைக்குத் திரும்புவதால் இப்போது மேசையில் இரண்டு பந்துகள். எதிராளி கோட்டுக்குப் பின்னாலிருந்து அந்த இரண்டில் ஒன்றைப் போட்ட பிறகுதான் அடுக்குவது. அதேபோல, முக்கோணம் வைக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பந்தோ 15-ஆவது பந்தோ வந்து நின்றுவிட்டால் அது யாருடைய ஃபவுலும் இல்லை. வழிமறிக்கும் பந்தை எங்கே மாற்றி வைப்பது என்பதற்குத் தனி விதிகள் இருக்கின்றன, பாயிண்ட் எதுவும் குறையாது.

ஐந்தாவது: தொடக்க பிரேக்

எயிட் பாலில் போல ஓங்கி அடித்துக் கலைக்கும் பிரேக் இங்கே பெரும்பாலும் யாரும் அடிப்பதில்லை. தொடக்கத்தில் ஒரு பந்தைச் சொல்லிப் போடலாம்தான், கெட்டியான அடுக்கிலிருந்து அது நடப்பது அபூர்வம். பந்து விழாவிட்டால், வெள்ளைப் பந்து அடுக்கைத் தொட்ட பிறகு குஷனில் பட வேண்டும், கூடவே இரண்டு வண்ணப் பந்துகளாவது குஷனில் பட வேண்டும். இல்லையென்றால் பிரேக் ஃபவுல். இதற்கு இரண்டு பாயிண்ட் போகும். எதிராளி கிடக்கும் மேசையை அப்படியே ஏற்று ஆடலாம், அல்லது 'மறுபடி பிரேக் அடி' என்று சொல்லலாம். மறுபடியும் சரியாக அமையவில்லை என்றால் மறுபடியும் இரண்டு. பாயிண்ட் பூஜ்யத்துக்குக் கீழே போகும், போகட்டும், விதி அதை அனுமதிக்கிறது.

அதனால் அனுபவசாலிகள் அடுக்கின் கடைசி வரிசை மூலைப் பந்தை மெலிதாக உரசி, இரண்டு மூன்று பந்துகளை மட்டும் குஷனுக்கு அனுப்பிவிட்டு, வெள்ளைப் பந்தைக் குஷன்களில் சுற்றவிட்டு மேசையின் இந்தப் பக்கத்துக்கே திரும்பக் கொண்டுவருவார்கள். பிரேக் சரியாக அமைந்து, ஆனால் வெள்ளைப் பந்து பாக்கெட்டில் விழுந்தால் அது சாதாரண ஃபவுல்: ஒரு பாயிண்ட். பிரேக் ஃபவுல் மூன்று ஃபவுல் கணக்கில் சேராது, இந்தச் சாதாரண ஃபவுல் சேரும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பகுதியில் தேவைப்படும்.

ஆறாவது: மூன்று ஃபவுல்

ஆட்டத்தின் முள் இங்கேதான் இருக்கிறது. நடுவே ஒரு சரியான அடிகூட இல்லாமல் ஒருவர் தொடர்ந்து மூன்று சாதாரண ஃபவுல் செய்தால், மூன்றாவதுக்கான வழக்கமான ஒரு பாயிண்டோடு இன்னும் 15 பாயிண்ட் கழியும். 42-இல் இருந்தவர் முதல் ஃபவுலில் 41, இரண்டாவதில் 40, மூன்றாவதில் 39 ஆகி, அங்கிருந்து 15 போய் 24-இல் நிற்பார். அதோடு முடியவில்லை. 15 பந்துகளையும் புதிதாக அடுக்கி, ஃபவுல் செய்தவரே தொடக்க பிரேக் விதிகளின்படி பிரேக் அடிக்க வேண்டும். அதன் பிறகு அவருடைய ஃபவுல் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

தொடர்ச்சி எப்போது அறுபடும்? ஒரே ஒரு சரியான அடி போதும். சொன்ன பந்தைப் போட்டாலும் சரி, தவறவிட்டாலும் ஏதாவது ஒரு பந்து குஷனில் பட்டிருந்தாலும் சரி, சுத்தமான சேஃப்டி ஆனாலும் சரி, கணக்கு பூஜ்யம். இரண்டு ஃபவுலோடு மேசைக்கு வந்தவர் ஒரு பந்தைப் போட்டுவிட்டு அடுத்த அடியில் ஸ்கிராட்ச் ஆனால், அது அவருக்கு மூன்றாவது அல்ல, முதலாவது. ஆனால் அடுக்கு மாறியதால் கணக்கு அழியாது. பந்துகளைப் புதிதாக அடுக்கினாலும் பழைய ஃபவுல் கூடவே வரும்.

இரண்டு ஃபவுலில் இருப்பவர் மேசைக்கு வரும்போது 'உங்களுக்கு இரண்டு ஃபவுல்' என்று நடுவர் எச்சரிக்க வேண்டும். நடுவர் இல்லாத ஆட்டத்தில் எதிராளி சொல்ல வேண்டும். எச்சரிக்காவிட்டால் அடுத்து வரும் ஃபவுல் மூன்றாவதாக எண்ணப்படாது, இரண்டாகவே நிற்கும்.

இனி, வேண்டுமென்றே செய்யும் ஃபவுல். ஸ்ட்ரெய்ட் பூலில் இது மறைத்துச் செய்யும் தந்திரம் கிடையாது, விதிகளுக்குள்ளேயே நிற்கும் நல்ல உத்தி. வெள்ளைப் பந்து அடுக்கில் ஒட்டி நிற்கிறது, எதை அடித்தாலும் மேசை திறந்துகொள்ளும் என்றால், மெல்லத் தட்டி ஒரு பாயிண்டைக் கொடுத்துவிட்டு அதே சங்கடத்தை எதிராளியிடம் தள்ளிவிடலாம். அவரும் அதையே செய்வார். இங்கே எண்ணிக்கையைக் கவனியுங்கள். இருவரும் பூஜ்யத்தில் இருக்கும்போது நீங்கள் தொடங்கினால் உங்களுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று, உங்களுக்கு இரண்டு, அவருக்கு இரண்டு. இப்போது முறை உங்களுடையது, 16 பாயிண்ட் பயத்தில் சரியான அடியைக் கண்டுபிடிக்க வேண்டியவரும் நீங்கள்தான். தொடங்கியவர்தான் முதலில் மாட்டுகிறார்.

ஆகவே வேண்டுமென்றே ஃபவுல் செய்யும் முன், உங்களுக்கு எத்தனை, அவருக்கு எத்தனை என்று பாருங்கள். அவருக்கு ஏற்கெனவே ஒன்று இருந்து உங்களுக்கு ஒன்றும் இல்லை என்றால் தாராளமாகச் செய்யலாம். உங்களுக்கு ஒன்று இருந்து அவருக்கு இல்லை என்றால் அந்த வழியே வேண்டாம், மேசை கொஞ்சம் திறந்தாலும் சரியான சேஃப்டி ஒன்றைத் தேடுங்கள். அவர் இரண்டில் நிற்கும்போது, உங்களிடம் இரண்டு இல்லையென்றால், ஒரு பாயிண்டைக் கொடுத்து வெள்ளைப் பந்தை அடுக்கின் மேல் ஒட்டிவைப்பது பெரும்பாலும் நல்ல பேரம்.

ஆட்டம் தொடங்கும் முன்

மூன்று விஷயங்களைப் பேசி முடித்துவிடுங்கள். இலக்கு எத்தனை என்பது ஒன்று. நடுவர் இல்லாத ஆட்டங்களில், வண்ணப் பந்தைத் தெரியாமல் தொட்டால் ஃபவுல் இல்லை, வெள்ளைப் பந்தைத் தொட்டால் மட்டும் ஃபவுல் என்று வைத்துக்கொள்வது உண்டு. உங்கள் ஆட்டத்தில் எப்படி என்பது இரண்டாவது. அப்படி வைத்துக்கொண்டால், அசைந்த பந்தைப் பழைய இடத்தில் வைப்பதா, புது இடத்திலேயே விடுவதா என்பது எதிராளியின் விருப்பம். மூன்றாவது, ஃபவுலை யார் குறிப்பது. பாயிண்ட் எழுதும் தாளிலேயே ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் போட்டு, ஃபவுல் ஆனதும் ஒரு கோடு போடுங்கள். சரியான அடி விழுந்த உடனே, அடுத்த அடிக்குக் காத்திருக்காமல், கோட்டை அழித்துவிடுங்கள். இரண்டு கோடு நின்றால் அவர் குச்சியைப் பிடிக்கும் முன்பே வாய்விட்டுச் சொல்லுங்கள்.